நெடும்பயணத்துக்கு வானின் ரயர்: இருப்பதை நம்புவதா, ஜப்பான் பாவித்ததா, மேற்பட்டி புதிதாக ஒட்டிய டாக் ரயரா, புதியதா?

ஆடி பிறந்தால் யாழ்ப்பாணத்து வான்களுக்கு ஓய்வில்லை. கதிர்காமம், மடு, நல்லூர் என்று திருவிழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் சொந்தங்களுக்குத் திருகோணமலையையும் நுவரெலியாவையும் காட்டவேண்டியிருக்கிறது. வருடம் முழுவதும் மாமரத்தின் கீழோ சீமெந்து முற்றத்திலோ நின்று, சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடிய வான், திடீரென்று பன்னிரண்டு பேரையும் அவர்களுடைய பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் 400 கிலோமீற்றர் ஓடவேண்டிய காலம் இது. இந்தக் காலத்தில் என்னிடம் வருகிற கேள்வியும் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "மாஸ்ரர், ரயர் தேயவே இல்லை, ஆனால் போட்டு எட்டு வருசமாச்சு. அப்படியே போகலாமோ? மாத்தினால் எதைப் போடுறது?"

கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவனிடம் இதைக் கேட்பதற்குக் காரணம், நான் இருபது வருடமாக ஒரு ஹயஸ் வானை வைத்துப் பராமரிப்பதும், அதன் ரயர் ஒவ்வொன்றும் எப்போது வந்தது, எப்போது கழற்றப்பட்டது என்று கொப்பியில் எழுதி வைத்திருப்பதும்தான். அந்தக் கொப்பி எனக்குச் சொன்ன முக்கியமான செய்தி ஒன்று. என் வான் வருடத்துக்கு ஆறாயிரம் கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. நல்ல ரயர் ஒன்று 40,000 முதல் 50,000 கிலோமீற்றர் வரை தேய்ந்து உழைக்கும் என்றால், அது தேய்ந்து முடிய ஏழெட்டு வருடம் ஆகும். அதற்கு முன்பே றப்பர் கிழடாகிவிடுகிறது. கனடாவில் இருக்கும் என் மைத்துனர் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி ஒன்று வைத்திருக்கிறார். அது வருடத்தில் பத்து மாதம் வளவில் நிற்கும், இரண்டு மாதம் முழுச் சுமையுடன் ஓடும். அதன் ரயர்களைத் தேய்வு தெரிவதற்கு முன்பே ஐந்து வருடத்தில் அவர் கழற்றிவிடுகிறார் என்று கேட்டபோது முதலில் அது வெளிநாட்டு ஊதாரித்தனம் என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நம்முடைய குடும்ப வானும் அதே வாழ்க்கையைத்தான் வாழ்கிறது.

ஆகவே கீழே வரும் நான்கு வழிகளையும் ரயரின் பள்ளக்கோடு எவ்வளவு ஆழம் என்பதைக் கொண்டு ஒப்பிடவில்லை. அது பிறந்த திகதி, அது சுமக்கப்போகும் எடை ஆகிய இரண்டையும் முன்னால் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

வயது. ரயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பதிக்கப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000ஆம் ஆண்டுக்கு முந்தியது. அதை வீட்டு முற்றத்தில் பூங்கன்று நட வைத்துக்கொள்ளலாம். இந்த இலக்கங்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாக இருக்கும். அந்தப் பக்கம் வானின் உட்புறமாகப் பொருத்தப்பட்டிருந்தால், வெளியே நின்று பார்ப்பவருக்குத் திகதி தெரியாது. சில வாகன உற்பத்தியாளர்கள் ஆறு வருடத்தில் ரயரை மாற்றச் சொல்கிறார்கள். மிஷெலின் நிறுவனம், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் பரிசோதிக்கும்படியும் பத்து வருடமானால் எப்படித் தோன்றினாலும் கழற்றும்படியும் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில், நம்முடைய வெயிலை மனத்தில் வைத்து, முழுச் சுமையுடன் போகும் நெடும்பயணத்துக்கு நான் வகுத்துக்கொண்ட எல்லை ஆறு வருடம்.

சுமை. இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. 195 ஆர் 15 சி என்ற அளவுக்குப் பக்கத்தில் 106/104 என்று ஓர் எண் இருக்கும். 106 என்றால் அந்த ரயர் தனியாக 950 கிலோ தாங்கும் என்பது பொருள். 104 என்றால் இரட்டைச் சில்லாகப் போடும்போது ஒவ்வொன்றும் 900 கிலோ. கணக்கைப் போட்டுப் பாருங்கள். வானின் வெறும் எடை 1,900 கிலோ, பன்னிரண்டு பேர் சராசரி 65 கிலோ வீதம் 780 கிலோ, பெட்டியும் சமையல் சாமானும் தண்ணீரும் 200 கிலோ. மொத்தம் 2,880 கிலோ. பின் இருக்கைகளும் பொதிகளும் பின்னச்சின் மேல் இருப்பதால் அதன் பங்கு 1,650 கிலோ அளவில் வரும். அதாவது பின் சில்லு ஒன்றுக்கு 825 கிலோ. இந்த இடத்தில் 95 என்ற எண்ணுள்ள கார் ரயரைப் போட்டால் அதன் தாங்குதிறன் 690 கிலோதான். ரிம் அளவு பொருந்துகிறது, ரயர் வடிவாக ஏறுகிறது, விலையும் குறைவு. ஆனால் புறப்படும் முதல் நிமிடத்திலேயே அது 135 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது.

வெப்பம். ரயரை உடைப்பது பெரும்பாலும் ஆணியல்ல, சூடுதான். காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பே வெப்பமாகிறது. சோளகம் வீசும் ஆவணி மாதத்தில், மதிய வெயிலில் தார் கொதிக்கும் ஏ9 வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றரில் போவதே ஒரு பரீட்சை. 2020இல் மத்தள வரை நீட்டப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் ஒன்றரை மணித்தியாலம் விடாமல் ஓடுவது அதைவிடக் கடுமையான பரீட்சை.

மழைப்பிடி, வழியில் உதவி கிடைக்கும் தூரம், வருடத்துக்கு எவ்வளவு செலவு என்பன எஞ்சிய அளவுகோல்கள். செலவைப் பற்றி ஒரு வார்த்தை: கடையில் சொல்லும் விலையை அப்படியே ஒப்பிடக்கூடாது. விலையை, அந்த ரயர் ஆறு வயதை அடைய மீதமிருக்கும் வருடங்களால் வகுத்துப் பார்க்கவேண்டும்.

| அளவுகோல் | இருக்கும் ரயர் | ஜப்பான் பாவித்தது | டாக் | புதியது |
|---|---|---|---|---|
| மீதி ஆயுள் | திகதியைப் பொறுத்தது | பெரும்பாலும் 1 முதல் 3 வருடம் | உடல் பழையது, மேல் மட்டும் புதியது | திகதி சரியென்றால் 6 வருடம் |
| சுமைத்திறன் | தெரிந்தது | எண்ணைப் பார்த்தே வாங்கவேண்டும் | உடலின் நிலையைப் பொறுத்தது | தேர்ந்தெடுக்கலாம் |
| வெப்பத்தில் | வயதானால் ஆபத்து | பனிக்கால ரயரானால் ஆபத்து | ஒட்டின் தரத்தைப் பொறுத்தது | நல்லது |
| மழையில் | பள்ளம் இருந்தாலும் றப்பர் இறுகியிருக்கும் | கலவையானது | சுமார் | நல்லது |
| கைக்காசு | இல்லை | குறைவு | மிகக் குறைவு | அதிகம் |
| மறைந்த செலவு | வழியில் நிற்பது | மீண்டும் மீண்டும் மாற்றுவது | பயணத்துக்கு முன் நம்பமுடியாமை | வால்வு, பலன்சிங், எலைன்மன்ற் |

## இருக்கும் ரயருடனேயே போவது

இதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நான்கு வயதான, சுமை எண் சரியான, ஒட்டுப் போடாத ரயரை, கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது என்பதற்காக மாற்றுவது வீண்செலவு. ஆனால் "இருப்பதே போதும்" என்று சொல்வதற்கு முன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கவேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்.

வானை ஜக்கில் தூக்கி, சில்லு ஒவ்வொன்றையும் கழற்றித் தரையில் படுக்கவைத்துப் பார்ப்பதே சரியான முறை. வெளிப்பக்கம் பளபளப்பாக இருக்கும். வெடிப்பு உட்பக்கத்தில் மறைந்திருக்கலாம். பக்கச் சுவரைப் பெருவிரலால் மடித்து அழுத்தினால், வயல் வெடித்ததுபோல நுண்ணிய கோடுகள் விரிகின்றனவா என்று பார்க்கவேண்டும். ரயர் செய்யும்போது றப்பருக்குள் ஒரு மெழுகு சேர்க்கிறார்கள். ரயர் ஓடி மடியும்போது அது மேற்பரப்புக்குக் கசிந்துவந்து, காற்றிலுள்ள ஓசோன் றப்பரை வெடிக்கவைக்காமல் காக்கிறது. ஓடாமல் நிற்கும் ரயருக்கு இந்தக் காப்புக் கிடைப்பதில்லை. "ஓடாத வான்தானே, ரயர் புதுசுபோலத்தான் இருக்கும்" என்ற பேச்சு தலைகீழானது என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து உள்ளங்கையை ரயரின் மேற்பரப்பில் வைத்து ஒரு முழுச் சுற்று மெதுவாகத் தடவவேண்டும். ஓரிடத்தில் மட்டும் மேடு தட்டினால், உள்ளே இரும்புப் பட்டியும் றப்பரும் பிரியத் தொடங்கிவிட்டன. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் கூட, இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் எலைன்மன்ற் பிழை. பள்ளத்தின் அடியில் குறுக்கே இருக்கும் சிறு மேட்டுடன் மேற்பரப்பு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம். மாரியில் ஓடுவதாக இருந்தால் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது நல்லது; பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியிலுள்ள அடிமட்டமே இதை அளக்கப் போதும். வால்வின் அடியை வளைத்துப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் ரயர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். 2016 ஆவணியில் அனுராதபுரம் போக வெளிக்கிட்டோம். ரயர்கள் நான்கும் பார்வைக்குப் பிழையில்லை. ஏழு வருடத்துக்கு முன் ஒரு கடையில் "புத்தம்புதுசு" என்று வாங்கியவை. முறிகண்டியில் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கொக்காவில் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் இலேசாக ஒரு தட்டல் கேட்டது. றோட்டுத்தான் சரியில்லை என்று மருமகன் சொன்னார். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். இரண்டு கிலோமீற்றர் போவதற்குள் தட்டல் அடியாக மாறியது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால், இடது பின் ரயரின் மேல்பட்டி முழங்கை நீளத்துக்கு உரிந்து மட்காட்டைக் கிழித்துத் தொங்கியது. காற்று மட்டும் இன்னும் இறங்கவில்லை. உதிரிச் சில்லு வானுக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிறது. துருப்பிடித்த சங்கிலியை இறக்கவே முக்கால் மணித்தியாலம். இறக்கினால் அதில் 15 இறாத்தல் காற்று. அந்த வழியாக லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்த ஒரு தம்பி உதிரியைத் தன் பெட்டியில் ஏற்றி மாங்குளம் கொண்டுபோய்க் காற்றடித்துத் திரும்பிவரும் வரை, பதினொரு பேர் பாலை மரத்தின் கீழ் இருந்து கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம். வீட்டுக்கு வந்து ரயரைக் கழற்றி உட்பக்கம் பார்த்தபோதுதான் திகதி தெரிந்தது: 1907. நான் வாங்கிய நாளிலேயே அதற்கு இரண்டு வயது. உடைந்த நாளில் ஒன்பது.

இருப்பதை வைத்துக்கொள்வதன் உண்மையான விலை அந்த மட்காட்டும், கராஜ் கூலியும், பதினொரு பேரின் ஒரு நாளும். அதைவிடக் கூடாமல் விட்டது எங்கள் பாக்கியம்.

ஐந்து வருடத்துக்கு உட்பட்ட ரயர், பரிசோதனையில் பிழையில்லை என்றால் இதுவே சிறந்த வழி. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் கிளிநொச்சி, வவுனியா வரை போய்வரலாம்; அதற்கு மேல் நான் போகமாட்டேன். ஆறு தாண்டினால் ஊருக்குள் மட்டும்.

## ஜப்பான் பாவித்த ரயர்

ஜப்பானில் கழற்றிக் கப்பலில் வரும் பாவித்த ரயர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தனி மரியாதை உண்டு. "ஜப்பான் சாமான்" என்ற ஒரு சொல் போதும். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வான்களையே எல்லோரும் ஓட்டியதால், செலவைக் குறைக்க இந்த ரயர்களைத் தேடியவர்கள் பலர். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் சோமசெற் கார் ஓட்டிய ஊருக்கு இது புதிதல்ல. இருப்பதை வைத்துச் சமாளிப்பது நம்முடைய கெட்டித்தனம்தான். ஆனால் இந்த விடயத்தில் கெட்டித்தனம் கணக்கில் தோற்கிறது.

புதிய ரயரின் விலையை 100 என்று வைப்போம். ஆறு வருடத்துக்கு வகுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 17. பாவித்த ரயரை அதன் பாதி விலைக்கு, 50க்கு வாங்குகிறோம். திகதிப்படி அதற்கு நான்கு வயது. மீதி இரண்டு வருடம், வருடத்துக்கு 25. பாதி விலை கொடுத்து மூன்றில் ஒரு பங்கு ஆயுளை வாங்கியிருக்கிறோம். இரண்டும் சமமாவது சரியாக மூன்று வயதில். கழற்றிப் பூட்டும் கூலியைச் சேர்த்தால் அதற்கும் முன்பே. இரண்டு வயதுக்கு உட்பட்ட பாவித்த ரயர் கிடைத்தால் அது உண்மையிலேயே நல்ல வியாபாரம். அப்படியொன்று கடை வாசலில் அடுக்கில் கிடக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

விலையைவிட முக்கியமான ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் குளிர்காலத்துக்கென்று தனி ரயர் போடுவார்கள்; பக்கச் சுவரில் ஸ்ரட்லெஸ் என்ற ஆங்கிலச் சொல்லோ, மலைக்குள் பனிச்செதில் வரைந்த அடையாளமோ இருக்கும். மூன்று மாதம் மட்டும் பாவித்துக் கழற்றியதால் பள்ளம் ஆழமாகவும், மேற்பரப்பு மெல்லிய வெட்டுக்கள் நிறைந்து அழகாகவும் தோன்றும். விற்பவரும் அதையே காட்டுவார். பனியில் இறுகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக மென்மையாகச் செய்யப்பட்ட அந்த றப்பர், நம்முடைய ஆவணி வெயிலில் சேறுபோலத் துவண்டு, வேகமாகத் தேய்ந்து, மழை நீரில் பிறேக் பிடிக்கும் தூரத்தையும் கூட்டிவிடும்.

கறுப்பு மெழுகு பூசிய ரயரை வாங்குமுன் ஈரத்துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். உட்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்து ஒட்டுக்களை எண்ணவேண்டும். நான்கு சில்லுக்கும் நான்கு விதமான ரயர் போடுவது இந்த வழியில் எளிதாக நடந்துவிடும் என்பதால், ஓர் அச்சிலாவது இரண்டும் ஒரே அளவு, ஒரே வகை, ஏறக்குறைய ஒரே தேய்வு என்பதை விட்டுக்கொடுக்கக்கூடாது. ஒரு ரயர் மட்டும் கிழிந்துபோய், மற்ற மூன்றும் இரண்டு மூன்று வயதில் இருக்கும்போது அவற்றுக்கு ஒத்த ஒன்றைத் தேடுபவருக்கும், வானை விற்கப்போகிறவருக்கும் இந்த வழி பொருந்தும்.

## டாக் ரயர்

தேய்ந்த ரயரின் மேற்பரப்பைச் சீவி, புதிய றப்பர்ப் பட்டியை வெப்பத்தில் ஒட்டி எடுப்பதைத்தான் இங்கே டாக் என்கிறோம். முறையாகச் செய்தால் இதில் தவறேதும் இல்லை. லொறிகளும் பஸ்களும் உலகம் முழுவதும் இப்படிப்பட்ட ரயர்களில் ஓடுகின்றன, விமானங்களும்கூட. ஆனால் அங்கே ஒவ்வொரு ரயரின் உடலும் கணக்கு வைத்துப் பரிசோதிக்கப்படுகிறது. நம் ஊர்க் குடும்ப வானில் வரும் டாக்கின் உடல் யாருடையது, எத்தனை வயது, எத்தனை முறை காற்றில்லாமல் உருண்டது என்பது ஒருவருக்கும் தெரியாது. மேலே ஒட்டிய பட்டிக்குத்தான் வயது பூச்சியம். சுமையைத் தாங்கும் உடலுக்கு அல்ல. அமெரிக்காவில் பஸ்ஸின் முன் சில்லுகளுக்கு மீள ஒட்டிய ரயர் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. முன் சில்லில் ஒட்டு உரிந்தால் ஸ்ரியறிங் கையில் நிற்காது.

தினமும் கல்லும் மணலும் ஏற்றி ஊருக்குள் ஓடும் பட்டா லொறியின் பின் சில்லுக்கு டாக் நல்ல கணக்கு; அது வயதாவதற்கு முன்பே தேய்ந்துவிடும். லான்ட்மாஸ்ரர் பெட்டிக்கும் அப்படியே. வருடத்தில் இரண்டு முறை தூரப் பயணம் போகும் வானுக்கு அல்ல.

## புதிய ரயர்

நான்கும் ஆறு வயதைத் தாண்டிவிட்டன, கதிர்காமம் வரை போகவேண்டும், பன்னிரண்டு பேர் என்றால் வேறு வழியை நான் சொல்வதில்லை. களனியில் செய்யப்படும் சியற்றிலிருந்து ஜப்பான், தாய்லாந்து, சீனா என்று பல விலைகளில் கிடைக்கிறது. பெயரைவிடச் சுமை எண்ணும் திகதியும் முக்கியம். பெயர் தெரியாத நிறுவனத்தின் ஆறு மாத வயதுள்ள 106 ரயர், புகழ்பெற்ற நிறுவனத்தின் மூன்று வயதான 95 ரயரைவிட வானுக்கு நல்லது.

"புதியது" என்பது பாவிக்காதது என்று மட்டுமே பொருள்படும் என்பதை என் 1907 எனக்குக் கற்பித்தது. கடையில் அடுக்கிலிருந்து எடுக்கும்போதே திகதியைக் கேளுங்கள்; ஒரு வருடத்துக்கு உட்பட்டது என்றால் தயங்காமல் எடுக்கலாம். இரண்டு வருடமென்றால் விலையில் பேசலாம். பூட்டும்போது திகதியுள்ள பக்கம் வெளியே தெரியும்படி பூட்டச் சொன்னால், சுழலும் திசை குறித்த ரயராக இல்லாதவரை, பெரும்பாலும் அப்படியே பூட்டித்தருவார்கள். அடுத்த முறை படுத்துப் பார்க்கவேண்டியதில்லை.

கூடுதல் செலவுகளையும் முன்பே எண்ணிக்கொள்ளவேண்டும். வால்வுகளையும் புதிதாகப் போடவேண்டும், பலன்சிங் பார்க்கவேண்டும், முன்னச்சின் எலைன்மன்ற் பார்க்கவேண்டும். எலைன்மன்ற் பிழையான வானில் போட்ட புதிய ரயர் ஒரு வருடத்தில் ஓர் ஓரம் தின்றுவிடும். நைதரசன் அடிப்பதா என்றும் கேட்பார்கள். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். அந்தக் காசுக்கு நல்ல கைமானி ஒன்று வாங்கலாம்.

இரண்டு மட்டும் வாங்கக் கையில் காசிருந்தால் எங்கே போடுவது? நம் ஊர் வழக்கம் முன்னுக்கு. ரயர் உற்பத்தியாளர்கள் பின்னுக்கு என்கிறார்கள். மழையில் முன்சில்லு வழுக்கினால் வேகத்தைக் குறைத்தால் வான் மீண்டும் கைக்கு வரும்; பின்சில்லு வழுக்கினால் வான் சுழன்றுவிடும், சாரதியால் செய்யக்கூடியது அதிகமில்லை. சுமையும் பின்னால்தான் என்பதை மேலே கணக்கிட்டோம். ஆனால் முன்னால் இருக்கும் பழையவையும் ஆறு வயதுக்கு உட்பட்டவையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வாங்குவது பாதி வேலை.

பயணம் மாசி, பங்குனியில் என்றால் அவசரப்பட்டு ஆவணியிலேயே வாங்கி மாரி முழுவதும் நிறுத்தி வைக்கவேண்டாம். வெளிக்கிடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன் வாங்கி, ஊருக்குள் நூறு கிலோமீற்றர் ஓட்டிவிட்டுப் போவது போதும்.

## வானை வாடகைக்குப் பிடிப்பவருக்கு

சொந்த வானை வீட்டில் விட்டு வாடகை வான் பிடிப்பதும் ஒரு வழிதான். வருடத்தில் ஒரே பயணம் என்றால் நான்கு ரயர் வாங்குவதைவிட மலிவாகவும் முடியலாம். ஆனால் ரயர்க் கேள்வி அதனால் போய்விடுவதில்லை, கேட்கவேண்டிய ஆள் மட்டும் மாறுகிறார். கேட்பது மரியாதைக்குறைவு என்று நம்மவர்கள் தயங்குவார்கள். முற்பணம் கொடுப்பதற்கு முன், "அண்ணை, ரயர் எந்த வருசத்து? உதிரியையும் ஒருக்கால் பாக்கலாமோ?" என்று கேட்டால் நல்ல வான்காரர் கோபிக்கமாட்டார், சிலர் தாங்களே படுத்துக் காட்டுவார்கள். தினமும் ஓடும் வாடகை வானின் ரயர் நம்முடையதைவிட இளமையாகவே இருக்கும், ஆனால் கூடத் தேய்ந்திருக்கும். ஆகவே இங்கே மட்டும் பள்ளத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கொழும்பு மட்டும் போவதாக இருந்தால் யாழ்தேவி ரயில் இருக்கிறது, ரயர் இல்லை.

## எதைப் போட்டாலும் வழியில்

காற்றை வெளிக்கிடும் நாள் விடியற்காலை, வான் ஒரு கிலோமீற்றர்கூட ஓடாத நிலையில், சொந்தக் கைமானியால் பார்க்கவேண்டும். ஐந்து கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பெற்றோல் செட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் ரயர் ஏற்கெனவே சூடாகியிருக்கும். அடிக்கவேண்டிய அளவு சாரதி கதவுத் தூணில் எழுதியிருக்கிறது. கார் பழக்கத்தில் எல்லாச் சில்லுக்கும் 32 இறாத்தல் என்று சொல்பவர்கள், பாரம் ஏற்றிய வானின் பின்சில்லுக்கு அங்கே 40ஐத் தாண்டி எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. 45 இறாத்தலில் இருக்கும் ரயர் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 2 இறாத்தல் கூடும். வவுனியாவில் பார்க்கும்போது 49, 50 என்று காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றைத் திறந்துவிடுவதுதான் தவறு, ஏனென்றால் இரவு குளிர்ந்ததும் அது 40, 41க்கு இறங்கிவிடும்.

வழியில் ஆணி ஏறினால், மேற்பரப்பின் நடுப்பகுதியில் 6 மில்லிமீற்றருக்கு உட்பட்ட துளைக்கு வெளியிலிருந்து குச்சி செருகி அடுத்த ஊர் வரை போகலாம். அங்கே ரயரைக் கழற்றி உட்பக்கமாக ஒட்டுப் போடவேண்டும். பக்கச் சுவரிலும் தோளிலும் துளை என்றால் ஒட்டு வேலைக்கு உதவாது, உதிரியைப் போட்டுவிடவேண்டும். உதிரிக்கும் திகதி உண்டு, காற்றும் வேண்டும், சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும். ஜக்குக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டும் கொண்டுபோனால் ஏ9 ஓரத்து மணலில் ஜக் புதையாது.

முதல் நிறுத்தம் எல்லோருக்கும் முறிகண்டிதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர். சில்லு கழற்றிப் பூட்டிய பிறகு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்கவேண்டிய தூரமும் ஏறத்தாழ அதுவே. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பிள்ளைகள் கச்சான் வாங்கப் போகும் அந்தப் பத்து நிமிடத்தில், ஒருவர் வீல் பிறேசை எடுத்து நட்டுகளைப் பார்க்கட்டும். மற்றவர் புறங்கையை ரயரின் தோளுக்குக் கிட்டப் பிடித்தபடி நான்கு சில்லையும் ஒரு சுற்று வரட்டும். பின் இரண்டும் முன் இரண்டையும்விடச் சற்றுச் சூடாக இருக்கும், அது சுமை. வெயில் பட்ட பக்கமும் அப்படியே. ஒன்று மட்டும் தன் சோடியைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அதில் காற்று இறங்குகிறது, அல்லது பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரிம்மின் நடுவும் கொதித்தால் பிறேக். ரயர் மட்டும் கொதித்தால் காற்று. காற்று என்றால் மாங்குளம் வரை மெதுவாகப் போய் அங்கே பார்த்துவிட்டுத்தான் வவுனியாவை நினைக்கவேண்டும்.